ஒரு சாண் அகலம்

சின்னவள் வீட்டு டிராக்டர் வந்து இறங்கிய அன்று நானும் அங்கேதான் இருந்தேன். என் லாரியில் எலுமிச்சை ஏற்றப் போயிருந்தேன். வயல் உழுகிற பெரிய வண்டி இல்லை. மரங்களுக்கு இடையில் நுழைந்து போகிற குட்டி ரகம். செக்கச்செவேலென்று வேலி ஓரமாக இறக்கி வைத்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் அவள் அக்கா, பெரியவள், குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை. ஆனால் அவள் பிடுங்கிப் போட்டதில் பாதி களை இல்லை, போன மாதம் அவளே விதைத்த கீரை. பார்த்துக்கொண்டே நின்றேன், சொல்லவில்லை. சொன்னால் என் தலைமுடியையும் சேர்த்துப் பிடுங்கியிருப்பாள்.

அக்கா தங்கை இரண்டே பேர். அவர்கள் அப்பா தன் எலுமிச்சைத் தோட்டத்தை நடுவில் வேலி போட்டு இரண்டாக்கி, ஆளுக்கொரு பாதி எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதே மண், அதே மரம், அதே வரிசை. கிணறு பொது. குறை சொல்ல ஓர் இடம் வைக்காமல் பிரித்துவிட்டார். பெரியவளுக்கு அதுதான் பெரிய கஷ்டம். குறையே இல்லாத இடத்தில் பொறாமைப்படுவது நிறைய வேலை பிடிக்கிற காரியம். அந்த வேலையை அவள் ஒரு நாளும் விட்டவளில்லை.

இரண்டு வீட்டுப் பெட்டிகளும் என் லாரியில்தான் சந்தைக்குப் போகும். பெரியவள் பெட்டிமேல் சின்னவள் பெட்டியை வைக்கக் கூடாது. "காய் நசுங்கிடும்ணே" என்பாள். பிளாஸ்டிக் பெட்டி எங்கே நசுங்கும்? ஆனாலும் நான் முதலில் சின்னவள் வீட்டில் ஏற்றிவிட்டுத்தான் இங்கே வருவேன். நாலு வீட்டுக் காயை ஏற்றிப் பிழைக்கிறவனுக்கு அந்த அறிவுகூட இல்லாவிட்டால் எப்படி?

பெரியவள் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். உழவு, மருந்தடிப்பு, பெட்டி சுமப்பு எல்லாம் அவர் ஒருவர்தான். பவர் டில்லரைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நடந்தே பத்துப் பதினைந்து வருடம் போயிற்று. அந்தக் கோடையில் ஒரு நாள் டில்லரைத் திருப்பும்போது இடுப்பில் 'சுருக்'கென்றது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி டில்லரைத் தொடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, உட்கார்ந்து ஓட்டுகிற வேலையானால் மெதுவாகச் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். சுமக்க ஆள் வைக்கலாம் என்றால் ஆள் ஏது? திடகாத்திரமானவன் எல்லாம் நகரத்தில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். காய் பறிக்க மட்டும் நாலைந்து பெண்கள் வருவார்கள். அவர்கள் பெட்டி தூக்க மாட்டார்கள்.

அதனால் புதன்கிழமைதோறும் சின்னவள் தன் வீட்டுக்காரனை ஓட்டச் சொல்லி டிராக்டரை அனுப்பி வைத்தாள். வாடகை வாங்கமாட்டாள். பெரியவளுக்கு அதுவே சுட்டது. வேலை முடிந்ததும் வண்டியை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, டீசல் நிரப்பி, துணியால் துடைத்துத்தான் திருப்பிக் கொடுப்பாள். "ஏன்க்கா இதெல்லாம், நான் கழுவிக்க மாட்டேனா?" என்று சின்னவள் கேட்பாள். கேட்டுக்கொண்டே, கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று மட்கார்டுப் பக்கம் ஒரு பார்வை போகும். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு பெரியவள் அடுத்த புதன்வரை வெந்துகொண்டிருப்பாள்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பெரியவள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. சின்னவளும் அவள் வீட்டுக்காரனும் வந்திருந்தார்கள். அவன் நல்ல கலகலப்பான ஆள். பேச்சை அவன்தான் எடுத்தான்.

"சகல, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்கக் கூடாது. உங்க பக்கத்தையும் சேர்த்து நாங்களே பாத்துக்கறோம். வண்டி இருக்கு, நான் இருக்கேன். வர்றதுல சரிபாதி உங்களுக்கு. நீங்க நோகாம உட்காரலாம்."

பெரியவள் வீட்டுக்காரர் யோசித்தார். "நியாயமாத்தான் படுது" என்றார்.

உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பெரியவள் ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"எது நியாயம்? என் தோட்டத்துல அவங்க பாடுபட்டு எனக்குப் பங்கு குடுக்கறதா? அப்ப நான் யாரு?"

"அக்கா, மாமா உடம்புக்காகத்தான்..."

"உங்க மாமா உடம்ப நான் பாத்துக்கறேன்டீ. நாங்களும் வண்டி வாங்கறோம்."

அவள் வீட்டுக்காரர் மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "சரி, வாங்கலாம். ஆனா ஒண்ணு. வர்ற காய்ப்ப நம்ம வண்டிய வச்சு நாமளே எடுக்கணும். எடுத்துட்டா தோட்டம் நம்மகிட்டயே இருக்கட்டும். முடியலேன்னா தம்பி சொன்ன மாதிரி விட்டுடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் பெரியவள். தங்கையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

வண்டி பார்க்கப் போக என்னையும் கூப்பிட்டார்கள். லாரி வைத்திருப்பவனுக்கு எஞ்சின் விஷயம் எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. நானும் கெத்தாகப் போனேன். டவுனில் ஒரே சாலையில் மூன்று கடை: சிவப்பு, பச்சை, நீலம். கம்பெனிப் பெயரை யார் சொல்கிறார்கள்? கலரைச் சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும்.

சிவப்புக் கடைக்காரர் விவரமானவர். எத்தனை மரம், என்ன வரிசை, மண் எப்படி என்று முதலில் அதைக் கேட்டார். அப்புறம் ஒரு வண்டியைக் காட்டினார். சின்னவள் வீட்டில் நிற்கிற அதே வண்டி.

"எலுமிச்சத் தோட்டத்துக்கு இதுக்கு மேல வேண்டாங்க. அகலம் கம்மி, ஸ்டியரிங் தாழ்வு, சின்ன இடத்துல திரும்பிடும். சர்வீசுக்கு நம்ம ஆள் வீட்டுக்கே வருவான். அஞ்சு வருஷம் கழிச்சு வித்தாலும் நல்ல விலை போகும்."

பெரியவள் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து பார்த்தார். முகம் தெளிந்திருந்தது. "இடுப்புக்கு நல்லா இருக்கு. தம்பி வீட்டுக் கலப்பை, டிரெய்லர் எல்லாம் இதுல அப்படியே மாட்டும். இதையே முடிச்சுடலாமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"கலர் புடிக்கல."

கடைக்காரர் விடவில்லை. "கலர்தானம்மா பிரச்சன? மஞ்சள் அடிச்சுத் தரட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவள் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வெளியே போய் டயர் பார்த்தேன்.

பச்சைக் கடையில் வண்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உதிரி பாகம் ஏதாவது போனால் வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும் என்று அங்கே வேலை செய்கிற பையனே வாய்விட்டுச் சொல்லிவிட்டான். கடைசியாக நீலக் கடை. உள்ளே நுழைந்ததும் பெரியவள் கேட்ட முதல் கேள்வி இது.

"சிவப்புக் கம்பெனிக் குட்டி வண்டி இருக்குல்ல, இருபது ஹெச்பி. அதவிடப் பெருசு எது?"

இதைக் கேட்டு எந்த விற்பனைக்காரன் சும்மா இருப்பான்? இருபத்தெட்டு ஹெச்பி வண்டியைக் காட்டினான். தூக்குகிற பாரம் அதைவிட அதிகம், டேங்க் அதைவிடப் பெரியது, பின் டயர் அதைவிட உயரம் என்று அடுக்கினான். அவன் ஒவ்வொரு 'அதைவிட'வும் சொல்லச் சொல்லப் பெரியவள் முகத்தில் விளக்குப் போட்டதுபோல இருந்தது. உண்மையைச் சொன்னால் வண்டியில் ஒரு குறையும் இல்லை. திறந்த வயலுக்குத் தங்கமான வண்டி. சின்னவள் வண்டியைவிட ஒரு சாண் அகலம் அதிகம், உயரமும் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான்.

"வரிசைக்குள்ள போகுமா?" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"அளந்து பாத்துடலாம்" என்றாள்.

மறுநாளே அளந்தார்கள். டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை அவள். எதிரெதிர் மரத்துக்கு நடுவில் நீல வண்டி தாராளமாகப் போகும், இரண்டு பக்கமும் கை நீட்டுகிற அளவுக்கு இடம் மிச்சம் இருக்கும் என்று வந்தது. அளவு சரிதான். ஆனால் அளந்த காலம் எது? கிளை கழித்த கையோடு அளந்தார்கள். எலுமிச்சை மரம் கழித்துவிட்ட மாதத்தில் மொட்டைத் தலை மாதிரி ஒடுங்கி நிற்கும். காய் பிடித்துக் கனத்தால் கிளையெல்லாம் வரிசைக்குள் சாய்ந்து தொங்கும். ஒடியாமல் இருக்க ஒவ்வொரு கிளைக்கும் கவட்டைக் கொம்பு வெட்டி முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த முட்டுக் கொம்புகள் ஆளைப் போல வரிசைக்குள்ளேயே வந்து நிற்கும். அளந்த அன்று கொம்புகள் எல்லாம் ஷெட்டுக்குப் பின்னால் கட்டுக்கட்டாகக் கிடந்தன.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து முட்டுக் கொடுத்த கை அது. அவர்கூடக் கேட்டார்.

"காய் காலத்துல எப்படி?"

"அது அப்ப பாத்துக்கலாம்" என்று டேப்பைச் சுருட்டிவிட்டாள்.

நீலம் வந்து இறங்கியது. பெரியவள் அதை வேலி ஓரமாகவே நிறுத்தச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாமல் இருக்கக் கூடாதே. சின்னவள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"நல்லா இருக்குக்கா. நல்ல பெருசு."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் 'பெருசு' பெரியவளுக்கு இனித்தது. அன்று எனக்கு இரண்டு தடவை டீ கிடைத்தது, இரண்டிலும் சர்க்கரை தூக்கல்.

அதன்பிறகு கொஞ்ச காலம் நல்லபடியாகவே போனது. மரங்கள் ஒடுங்கி நின்றதால் வண்டி வரிசைக்குள் போய் வந்தது. பெரியவள் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே உழுதார். தூரத்தில் சிவப்பு வண்டியின் சத்தம் கேட்டால், "மோட்டார் சைக்கிள் மாதிரி கத்துது" என்பாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த வருடம் மழையும் சொன்ன நேரத்துக்குப் பெய்தது. மரம் கொள்ளாத பூ. பூவெல்லாம் பிஞ்சாகி, பிஞ்செல்லாம் நின்றது.

காய் கனக்கக் கனக்கக் கிளைகள் சாய்ந்தன. முட்டுக் கொம்புகளை எடுத்து ஊன்றினார்கள். ஊன்றி முடித்து நிமிர்ந்து பார்த்தால் வரிசையைக் காணோம். இலையும் காயும் கொம்பும் போக, நடுவில் ஒற்றையடிப் பாதை மாதிரி ஓர் இடைவெளி.

பறிப்பு தொடங்கிய அன்று நான் போனபோது நீல வண்டி முதல் வரிசையின் வாயில் நின்றிருந்தது. அவர் மெல்ல உள்ளே விட்டார். பத்தடிகூடப் போகவில்லை. பின் டயர் ஒரு கொம்பைத் தட்டியது. கொம்பு சாய்ந்தது, கிளை படாரென்று அடியோடு பிளந்து இறங்கியது. காய்கள் உருண்டு வண்டிக்கு அடியில் ஓடின. பறிக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பெரியவள் முதலில் பார்த்தது கிளையை இல்லை. வேலியைத்தான் பார்த்தாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கிளைப் பக்கம் வந்தாள்.

"வண்டிய பின்னால எடுங்க" என்றாள். "வரிசைக்கு வெளியவே நிக்கட்டும். பெட்டிய நான் சுமந்து கொண்டு வந்து போடறேன்."

"எல்லா வரிசையுமா?"

"எல்லா வரிசையும்தான்."

சுமந்தாள். நான் போகிற நாளெல்லாம் பார்த்தேன். குனிந்து கிளைக்கு அடியில் நுழைந்து, முள் கிழிக்கக் கிழிக்கப் பெட்டியைத் தலையில் ஏற்றி வெளியே கொண்டுவந்து டிரெய்லரில் இறக்குவாள். வேலிக்கு அந்தப் பக்கம் சிவப்பு வண்டி கிளைகளுக்கு அடியில் நழுவிப் போய்க்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவள் இரட்டைப் பெட்டியாகத் தூக்குவாள்.

"ஏம்மா, தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த சொன்னா வண்டி வந்துடுமே" என்றேன்.

"நீங்க லாரிய மட்டும் ஓட்டுங்கண்ணே" என்றாள்.

மனைவி இப்படிச் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார அந்த மனுஷனால் முடியவில்லை. ஒரு மத்தியானம் அவள் சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போன சமயம் பார்த்து இரண்டு பெட்டி தூக்கிவிட்டார். மூன்றாவதைத் தூக்கும்போது அப்படியே விழுந்துவிட்டார். பறிக்கிற பெண்கள்தான் ஓடிப்போய்ச் சொன்னார்கள். டாக்டர் வந்து ஊசி போட்டு, பலகைமேல் படுக்க வைத்து, எழுந்திருக்கவே கூடாது என்றார். இரண்டு நாள் பறிப்பு நின்றது. பழுத்த காய் தானாக உதிர்ந்து தரையெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது.

பலகையில் படுத்தபடியே அவர் சொன்னார். "போதும்மா. பேசினபடி விட்டுடலாம். தம்பியக் கூப்பிட்டுச் சொல்லிடு."

அவள் எழுந்து ஷெட்டுப் பக்கம் போனாள்.

மறுநாள் காலை நான் போனபோது தோட்டத்தில் மரம் அறுக்கிற சத்தம். பெரியவள் கைரம்பத்தோடு இரண்டாவது வரிசையில் நின்றிருந்தாள். முதல் வரிசை முடிந்திருந்தது. ஒரு சாண் இல்லை, ஒரு முழத்துக்கே காயும் இலையுமாகக் கிளைகளை அறுத்துத் தள்ளியிருந்தாள். இன்னும் மஞ்சளே ஏறாத பச்சைக் காய்கள் கிளையோடு தரையில் கிடந்தன. அவள் முகமெல்லாம் மரத்தூள்.

"என்னம்மா பண்றே?"

"வழி பண்றேன். வண்டி போகட்டும். நான் ஓட்டக் கத்துக்கறேன். யாருக்கும் எதையும் விடமாட்டேன்."

"காயெல்லாம் போகுதேம்மா."

"போகட்டும். அடுத்த வருஷம் காய்க்கும். தோட்டம் போச்சுன்னா அடுத்த வருஷம் வருமா?"

வேலிக் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. சின்னவள். நடந்துதான் வந்தாள். கிடந்த கிளைகளைப் பார்த்தாள், நின்றாள். திட்டுவாள், அழுவாள், வண்டி தருகிறேன் என்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் ஷெட்டுக்குள் போய் இன்னொரு ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நீ அந்தப் பக்கம் வெட்டுக்கா. இந்தப் பக்கம் நான் வெட்டறேன். ஒருத்தியா எப்ப முடிக்கப் போற?"

பெரியவள் அவளை நம்பாமல் பார்த்தாள். "எங்கிட்ட நக்கல் பண்றியா?"

"இல்லக்கா. உனக்கு அந்த வண்டிதான் ஓடணும்னா ஓடட்டும்."

சொன்னபடி வெட்டத் தொடங்கினாள். சின்னவளுக்கு மரம் அறுக்கக் கை நன்றாக வரும். ஒரே சீராக நாலு இழுப்பு. கொத்துக் கொத்தாகக் காய்த்த ஒரு கிளை முட்டுக் கொம்போடு சரிந்து விழுந்தது. அடுத்த கிளையில் ரம்பத்தை வைத்தாள்.

"நிறுத்து" என்றாள் பெரியவள்.

சின்னவள் நிறுத்தினாள்.

"அது நல்லா காய்ச்ச கெளடீ."

"எல்லாமே நல்லா காய்ச்சதுதான்க்கா."

"நீ வெட்டாத. நீ வெட்டினா என்னால பாக்க முடியல." பெரியவள் தன் ரம்பத்தைக் கீழே போட்டாள். அறுத்துப் போட்ட கிளைகளின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முள் குத்தியிருக்கும். "உன்னப் பாத்தா எனக்கு எரியுதுடீ. நீ வண்டி வாங்கினா எரியுது. சும்மா குடுத்தா இன்னும் எரியுது. நீ சிரிச்சாக்கூட எரியுது."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா புதன்கெழம புதன்கெழம அனுப்பின?"

"அனுப்பாம இருந்தா மட்டும் எரியாதா?"

காய் உதிர்கிற சத்தம் மட்டும் அங்கங்கே கேட்டது. பெரியவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வண்டிய எடுத்துட்டு வா. ஆனா பங்குக்கு இல்ல. வாடகைக்கு. ஊர்ல என்ன வாடகையோ அது."

"சரி."

"உன் வீட்டுக்காரர் ஓட்டக் கூடாது. நான்தான் ஓட்டுவேன்."

"சரிக்கா. நான் சொல்லித் தர்றேன்."

'சொல்லித் தர்றேன்' என்றதும் பெரியவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. அதையும் விழுங்கினாள். சிவப்பு வண்டி வந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். சின்னவள் கீழே நின்று ஒவ்வொன்றாகக் காட்டினாள்: இது கிளட்ச், இது பிரேக், காலை மெதுவாக எடு. இரண்டு தடவை எஞ்சின் நின்றது. மூன்றாவது தடவை நகர்ந்தது.

இன்னும் யாரும் வெட்டாத மூன்றாவது வரிசைக்குள் போனாள். கனத்த கிளைகள் அவள் தலைக்கு மேலே நின்றன. கொம்புகள் இரண்டு பக்கமும் அசையாமல் நின்றன. ஒரு காய்கூட உதிரவில்லை. வரிசையின் கடைசிவரை போய் எஞ்சின் நின்றது. திரும்பி வருவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். வரவில்லை. சின்னவள் போகக் கால் எடுத்தாள். நான் கையமர்த்திவிட்டு நானே நடந்து போனேன்.

இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, வண்டி நின்னுடுச்சா?"

"இல்லண்ணே, நான்தான் நிறுத்தினேன்." மூக்கை உறிஞ்சினாள். "என் தோட்டத்துக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

"அதுக்கு ஏம்மா அழணும்? அந்த நீலத்த வித்துட்டு இதுலயே ஒண்ணு வாங்கிடலாம்."

"வாங்கத்தான் போறேன்" என்றாள். "அவ வாங்கினதையே, அவளுக்கு அப்புறமா, நான் வாங்கப் போறேன்."

சொல்லிவிட்டு எனக்கு முகம் காட்டாமல் சாவியைத் திருகினாள். இந்தத் தடவை எஞ்சின் ஒரே முறையில் பிடித்தது.